டால்ஸ்டாய் ஊரின் நிலக் கணக்கு

போன மாதம் எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். பருத்தி விவசாயி. மழை பொய்த்ததால் அவருடைய பயிர்க் கடனைத் தவணை மாற்றிப் புதுப்பிக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அவருக்கு நல்லதுதான். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மனுஷன் போட மாட்டேன் என்றுவிட்டார். "சாஹேப், இப்ப கட்ட வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்குக் கையெழுத்து?" என்று ஒரே கேள்வி. எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில் கால் மணி நேரம் விளக்கினேன். கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது ஒரு ருஷ்யக் கிராமம். 1856-ல் அங்கேயும் இதே மாதிரி ஒரு பத்திரத்தை நீட்டினார்கள், ஊரே கையெழுத்துப் போட மறுத்தது. நீட்டியவர் லியோ டால்ஸ்டாய். ஊர், யாஸ்னயா பொல்யானா.

நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். வண்டியில் வந்து விற்ற மலிவு விலை சோவியத் புத்தகங்களை அப்பா வாங்கி அடுக்கிய வீடு எங்களுடையது. (அதில் 'தல்ஸ்தோய்' என்று போட்டிருக்கும். நான் ரொம்ப நாள் இருவரும் வேறு வேறு ஆள் என்று நினைத்திருந்தேன்.) யாஸ்னயா பொல்யானா என்றால் தாடிவைத்த கிழவர், எழுதும் மேசை, வெள்ளை வீடு, அவ்வளவுதான் நம் மனதில். ஆனால் அது முதலில் ஒரு கிராமம். குடிசைகள், வயல், கடன், வழக்கு எல்லாம் உள்ள ஊர். இந்தப் பதிவு அந்த ஊரைப் பற்றி. டால்ஸ்டாய் நடுநடுவே வருவார், தவிர்க்க முடியாது.

மாஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். துலா நகரத்தைத் தாண்டி ஒரு 14 கிலோமீட்டர். வொரோன்கா என்று ஒரு சின்ன ஆறு. அது உபா ஆற்றில் சேர்கிறது, உபா ஓகாவில், ஓகா வோல்காவில். ஆக இந்த ஊர்த் தண்ணீர் கடைசியில் காஸ்பியன் கடலுக்குப் போகிறது. பெயருக்கு 'வெளிச்சமான காட்டுவெளி' என்று அர்த்தம் சொல்வார்கள். மரங்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் புல்வெளி. 'யாசென்' என்றால் ருஷ்ய மொழியில் ஒரு மரம். பக்கத்தில் யாசென்கா என்றொரு ஓடையும் உண்டு. அதிலிருந்து பெயர் மருவியது என்பாரும் உளர்.

இடத்தின் விசேஷம் என்னவென்றால், இது எல்லை. வடக்கே காடு, தெற்கே புல்வெளி. வடக்கு ருஷ்யாவின் மெலிந்த மண் முடிந்து, புகழ்பெற்ற கரிசல் பூமி ஆரம்பிக்கும் வாசலில் துலா பிரதேசம் இருக்கிறது. ஊர் மண் இரண்டும் கெட்டான். குளிர்காலம் நான்கைந்து மாதம் பனி. இலையுதிர் காலத்தில் கோதுமைக்கு உறவான 'ரை' தானியத்தை விதைத்தால் பனிக்கடியில் கிடந்து மறு கோடையில் அறுவடை. வசந்தத்தில் ஓட்ஸ். மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் தரிசு. உரம் கிடையாது, மண் மூச்சு வாங்க வேண்டுமே! எனவே ஒரு குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் இருந்தால், இரண்டில்தான் சாப்பாடு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மண்ணுக்கு மட்டும் எல்லையில்லை, நாட்டுக்கும் எல்லையாக இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கிரீமியத் தாத்தாரியர்கள் குதிரையேறி வடக்கே வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக விற்பார்கள். அவர்கள் வந்த வழி துலாவை நோக்கித்தான் வந்தது. மாஸ்கோ அரசு அதைத் தடுக்கக் கோட்டைச் சுவர் கட்டவில்லை. காட்டையே சுவராக்கியது. மரங்களை ஆள் உயரத்தில் வெட்டி, அடிமரத்திலிருந்து பிரியாமல், நுனி தெற்கே எதிரியைப் பார்க்கும்படி சாய்த்துவிடுவார்கள். மைல் கணக்கில் இப்படிச் சாய்ந்த மரங்கள். குதிரை நுழைய முடியாது. இதற்கு 'ஸாசேகா' என்று பெயர். பொதுமக்கள் அந்தக் காட்டில் ஒரு விறகுகூட எடுக்கக் கூடாது, கடும் தண்டனை. ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் கொஸ்லோவா ஸாசேகா.

எல்லை தெற்கே நகர்ந்ததும் வேலிக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் காடு தப்பித்தது, தடை இருந்ததால். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கரமிஷெவ் என்ற குடும்பத்துக்கு இங்கே நிலம் மானியமாகக் கிடைத்தது. 1763-ல் வொல்கோன்ஸ்கி பிரபுக்கள் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து நிகலாய் வொல்கோன்ஸ்கி, டால்ஸ்டாயின் தாய்வழித் தாத்தா, 1799-ல் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து குளம், பூங்கா, வாசலில் இரண்டு வெள்ளைக் கோபுரத் தூண்கள், பிர்ச் மரச் சாலை என்று ஜமீனாக மாற்றினார். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதெல்லாம் பெரும்பாலும் தாத்தாவின் கைங்கரியம்.

அதைக் கட்டியவர்கள் யார்? இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது.

ருஷ்யாவில் நிலத்தோடு சேர்த்து ஆட்களும் சொத்து. அவர்களை 'ஆன்மா' என்று எண்ணுவார்கள். ஜமீன்தாருக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை ஆன்மா என்பார்கள். ஆண்களை மட்டும்தான் எண்ணுவது, ஏனென்றால் தலைவரி ஆணுக்குத்தான். பெண்களுக்கு ஆன்மா கிடையாது போலும்! 1847-ல் சகோதரர்கள் பாகம் பிரித்தபோது, 19 வயதுகூட முழுதாக நிரம்பாத டால்ஸ்டாய்க்கு யாஸ்னயா பொல்யானாவும் பக்கத்துச் சில்லறைக் கிராமங்களும் வந்தன. 300-க்கும் மேற்பட்ட ஆண் ஆன்மாக்கள். குடும்பத்தோடு எண்ணினால் இரண்டு மடங்கு.

வங்கிக்காரனாக எனக்கு வாயைப் பிளக்க வைத்த விஷயம் ஒன்று. இந்த ஆன்மாக்களை அடகு வைக்கலாம். அரசுக் கடன் நிறுவனங்கள் தலைக்கு இத்தனை ரூபிள் என்று கடன் கொடுக்கும். 1859 வாக்கில் தனியார் பண்ணையடிமைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் அடகில் இருந்தார்கள். கோகோல் 1842-ல் வெளியிட்ட 'செத்த ஆன்மாக்கள்' நாவலின் கதையே இந்த மோசடிதான். அடுத்த கணக்கெடுப்பு வரை செத்தவனும் காகிதத்தில் உயிரோடு இருப்பான். அவனை அடிமாட்டு விலைக்கு வாங்கி அடகு வைத்துக் கடன் எடுப்பது. ஈடாக வைத்த சொத்தை நேரில் போய்ப் பார்க்காமல் கடன் கொடுத்தால் என்னாகும் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்.

இளம் டால்ஸ்டாய் சீட்டாட்டக்காரர். அவர் பிறந்த பெரிய வீடு, 30-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது, 1854-ல் விற்கப்பட்டது. வாங்கியவர் அதை அப்படியே பிரித்து எடுத்துக்கொண்டு தோல்கயே என்ற பக்கத்து ஊரில் திரும்ப நிறுத்திவிட்டார். பணத்தை வைத்து ராணுவ வீரர்களுக்கு ஒரு பத்திரிகை நடத்துவதாகத் திட்டம். ஜார் அனுமதி தரவில்லை. கிரீமியப் போர்முனையில் உட்கார்ந்து அந்தப் பணத்தைச் சீட்டில் தோற்றார். இன்று யாஸ்னயா பொல்யானாவில் நாம் படத்தில் பார்க்கும் வீடு, அந்தப் பெரிய வீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கட்டடம், பின்னால் இழுத்துக் கட்டியது.

இப்போது 1856-க்கு வருவோம். போர் முடிந்து ஊருக்கு வந்த டால்ஸ்டாய்க்கு மனசாட்சி உறுத்தல். ஊராரைக் கூட்டினார். கட்டாய உழைப்பிலிருந்து விடுதலை, வருஷா வருஷம் ஒரு தொகை கட்டிவந்தால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு நிலம் உங்களுக்கே சொந்தம், இதற்கு ஒரு ஒப்பந்தம் போடலாம் என்றார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். வேறு ஜமீன்தார்கள் சிரித்திருப்பார்கள்.

ஊரார் மறுத்துவிட்டார்கள்.

காரணம் இருந்தது. அந்த மார்ச் மாதம்தான் புது ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை மேலிருந்தே ஒழிப்பது நல்லது என்று மாஸ்கோப் பிரபுக்களிடம் பேசியிருந்தார். முடிசூட்டு விழா அன்று எல்லோருக்கும் விடுதலை, நிலமும் இலவசம் என்று கிராமங்களில் வதந்தி. அப்படியிருக்க இந்தச் சின்ன எஜமான் எதற்கு அவசர அவசரமாகக் கையெழுத்துக் கேட்கிறார்? ஜார் கொடுக்கப்போவதைத் தட்டிப் பறிக்கத்தான்! மனிதர்கள் உங்களுடையவர்களாக இருக்கலாம், மண் எங்களுடையது என்பது ருஷ்யக் குடியானவர்களின் பழைய நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக உழுதவனுக்கு அந்த நிலத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதே விளங்கவில்லை. டால்ஸ்டாய் நாட்குறிப்பு எழுதி நொந்துகொண்டார்.

அவர்கள் செய்தது முட்டாள்தனமா? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு 1861-ல் என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும், டால்ஸ்டாயின் பத்திரத்தை வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் 1856-ல் அவர்களுக்கு 1861 எப்படித் தெரியும்? கையில் இருந்த அனுபவத்தை வைத்து முடிவெடுத்தார்கள். எஜமான் நீட்டிய எந்தக் காகிதமும் அதுவரை அவர்களுக்கு நல்லது செய்ததில்லை.

1861 பிப்ரவரி 19, பழைய நாட்காட்டிப்படி. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளுக்கு விடுதலை. ஆள் இலவசம், நிலம் காசுக்கு. அந்தக் காசு எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதுதான் சுவாரஸ்யம். குடியானவன் வருஷத்துக்கு 6 ரூபிள் குத்தகை கட்டுகிறான் என்று வையுங்கள். 6 சதவீத வட்டிக்கு எவ்வளவு முதல் போட்டால் வருஷம் 6 ரூபிள் வரும்? 100 ரூபிள். ஆக நிலத்தின் 'விலை' 100. மண்ணின் தரம், சந்தை விலை எதுவும் பார்க்கவில்லை. ஜமீன்தாரின் வருமானம் குறையக் கூடாது, அதுதான் சூத்திரம். பொதுவாகவே இது சந்தை விலையைவிடக் கணிசமாக அதிகம்.

முழு அளவு நிலம் எடுத்தால் அந்த 100-ல் 80-ஐ அரசாங்கம் ஜமீன்தாருக்குக் கடன் பத்திரமாகக் கொடுத்துவிடும். (அதிலும் பழைய அடகுக் கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டுதான்!) மீதி 20 குடியானவன் நேரடியாக. 80 ரூபிளை அரசுக்கு வருஷம் 6 சதவீதமாக 49 வருஷம் திருப்பிக் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 4 ரூபிள் 80 கோபெக். 49-ஆல் பெருக்கினால் 235 ரூபிள் 20 கோபெக். 80 வாங்கி 235. எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். 5 சதவீத வட்டிக்கு 49 வருஷத்தில் கடன் தீர வருஷம் 5.5 சதவீதம் கட்டினால் போதும், புள்ளி பிசகாமல் வருகிறது. மீதி அரை சதவீதம் நிர்வாகச் செலவு. 1861-ல் கால்குலேட்டர் இல்லாமல் போட்ட கணக்கு. சபாஷ் போட வேண்டிய கணக்குத்தான், யார் தலையில் போட்டார்கள் என்பதை மறந்தால்.

இன்னொன்று. கடன் தனி ஆள் பெயரில் இல்லை, ஊர் பெயரில். 'மீர்' எனும் ஊர்ச் சமூகம் மொத்தத்துக்கும் கூட்டுப் பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நம் மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் மாதிரிதான், ஆனால் தவணை 49 வருஷம், விலகும் உரிமையும் இல்லை. ஊரைவிட்டு வேலைக்குப் போகவேண்டுமானால் ஊர்ச் சம்மதமும் கடவுச்சீட்டும் வேண்டும். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாமெல்லாம் அன்றைய ருஷ்யாவில் பிறந்திருந்தால் பாக்கிக் கணக்கு முடியாமல் எல்லை தாண்டியிருக்க முடியாது. இந்தக் கூட்டுப் பொறுப்பு 1903 வரை இருந்தது. நிலக்கடன் பாக்கி 1907 ஜனவரி 1-ஆம் தேதிதான் ரத்தானது, அதுவும் 1905 கலவரங்களுக்குப் பயந்து.

1861-ல் டால்ஸ்டாய் தன் வட்டாரமான கிரபீவ்னாவுக்கு மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். ஜமீன்தாருக்கும் குடியானவருக்கும் நிலம் அளந்து பிரிக்கும் தகராறுகளைத் தீர்க்கும் வேலை. பெரும்பாலும் குடியானவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதாகப் பிரபுக்கள் புகார்மேல் புகார் எழுதினார்கள். அடுத்த வருஷமே உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். 1862 ஜூலையில் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டது. ரகசிய அச்சகம் இருக்கிறதாம். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊராரின் சந்தேகம் கொஞ்சமாவது கரைந்தது அவர் நடத்திய பள்ளியில்தான். 1859-ல் வீட்டின் ஒரு பகுதியிலேயே தொடங்கினார். கட்டணம் இல்லை, அடி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். முதலில் பெற்றோர் பயந்தார்கள், எஜமான் எதற்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிறார் என்று. அதில் படித்த வசீலி மரோஸவ் என்ற சிறுவனின் கதை சொல்லும் திறனைப் பார்த்து அசந்துபோன டால்ஸ்டாய், நாம் இவர்களுக்கு எழுதக் கற்றுத்தருவதா, இவர்களிடம் நாம் கற்றுக்கொள்வதா என்ற கேள்வியை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மரோஸவ் பிற்காலத்தில் அந்தப் பள்ளியைப் பற்றித் தன் நினைவுகளை எழுதிவைத்தார். பிரபு வீட்டு ஆட்கள் எழுதிய நூறு நினைவுக் குறிப்புகளுக்கு நடுவே ஊர்க்காரர் ஒருவரின் குரல்.

ஊரின் இன்னொரு குரல் எழுதப்படவே இல்லை. அக்சீன்யா பஸீகினா என்ற கல்யாணமான குடியானவப் பெண்ணோடு, தன் திருமணத்துக்கு முன் டால்ஸ்டாய்க்கு உறவு இருந்தது. திமஃபேய் என்று ஒரு மகன். அவர் வளர்ந்து ஜமீன் குடும்பத்திலேயே வண்டியோட்டியாக வேலை பார்த்தார். அண்ணன் தம்பிகள் உள்ளே உட்கார, இவர் முன்னால் கடிவாளத்தோடு. டால்ஸ்டாயின் நாட்குறிப்பிலும் மனைவி சோஃபியாவின் நாட்குறிப்பிலும் அக்சீன்யா வருகிறார். அவர் தரப்பு எங்கும் இல்லை, அவர் எழுதவில்லையே.

1860-களின் பிற்பகுதியில் மாஸ்கோ–கூர்ஸ்க் ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் மாஸ்கோ–கீவ் நெடுஞ்சாலைதான் ஊரின் ஜன்னல். கீவ் மடங்களுக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் ஓரம் போவார்கள். ரயில் வந்த சில வருஷத்தில், 1872 ஜனவரியில், யாசென்கி நிலையத்தில் அன்னா பிரகோவா என்ற பெண் சரக்கு ரயில் முன் விழுந்து இறந்தார். பக்கத்து ஜமீன்தாரோடு வாழ்ந்து கைவிடப்பட்டவர். டால்ஸ்டாய் போய் உடலைப் பார்த்தார். 'அன்னா கரேனினா'வின் முடிவு எங்கிருந்து வந்தது என்று இனி யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

இனி கசப்பான பகுதி. சொத்தே பாவம் என்ற முடிவுக்கு வந்த டால்ஸ்டாய் 1892-ல் எல்லாவற்றையும் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தனக்குச் சொத்தில்லை என்று ஆனது. ஆனால் ஊருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. எஜமானர் பெயர் மாறியது, அவ்வளவுதான். நிலத்தை ஊருக்கே கொடுத்திருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றும். ஒன்பது உயிரோடிருந்த பிள்ளைகள், நிர்வாகம் முழுக்கச் சுமந்த மனைவி. சோஃபியாவை வில்லியாக்குவது சுலபம். பள்ளிக் கட்டணமும் சமையல் செலவும் பார்த்தவர் அவர். நான் அவரை அவ்வளவு சீக்கிரம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1905-க்குப் பிறகு விறகு வெட்டியதற்கும் தோட்டத்தில் திருடியதற்கும் ஊரார் பிடிபட்டார்கள். ஜமீனில் ஆயுதக் காவலர்கள் வந்து தங்கினார்கள். கடைசியில் ஒரு சர்க்காசியக் காவலாளி குதிரையில் ரோந்து சுற்றினான். உலகத்துக்கு அகிம்சையைச் சொல்லும் கிழவர் நடைபயிற்சி போகும்போது, தன் பழைய மாணவர்களைக் காவல்காரன் கயிறு கட்டி இழுத்துவருவதைப் பார்க்கும் நிலை. நாட்குறிப்பு முழுக்க அந்த வெட்கம்.

அதே காலத்தில்தான் நம் நாட்டுக்கான கடிதமும் அங்கிருந்து கிளம்பியது. 1908 டிசம்பரில் தாரகநாத் தாஸுக்கு எழுதிய 'ஒரு இந்துவுக்குக் கடிதம்'. அதில் மேற்கோள்களாக வேதம், கீதை மரபோடு திருக்குறளும் இருக்கிறது. காந்தி 1909 அக்டோபரில் லண்டனிலிருந்து டால்ஸ்டாய்க்கு எழுதினார், பதிலும் வந்தது. 1910-ல் டிரான்ஸ்வாலில் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி 'டால்ஸ்டாய் பண்ணை' தொடங்கியபோது அங்கே குடியேறியவர்களில் கணிசமானோர் தமிழர்கள். டால்ஸ்டாய் பெயரால் அங்கே எல்லோரும் சேர்ந்து மண் வெட்டிக்கொண்டிருந்த மாதங்களில், டால்ஸ்டாயின் சொந்த ஊரில் காவலாளி குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

1910 அக்டோபர் 28 அதிகாலை, பழைய கணக்கில், 82 வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். பத்து நாளில் அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் இறந்தார். உடல் ரயிலில் ஸாசேகா நிலையம் வந்தது. அங்கிருந்து ஊர் வரை குடியானவர்களும் தோள்கொடுத்தார்கள். தாங்கள் அனாதைகளாகிவிட்டதாக எழுதிய துணியை முன்னால் பிடித்து நடந்தார்கள். காவலாளியும் உண்மை, இந்தத் துணியும் உண்மை. எங்கள் வேலையில் இரண்டு பதிவும் சரியாக இருந்தும் ஒன்றோடொன்று பொருந்தாத கணக்குகள் வரும். இது அப்படி ஒன்று.

நிலம் கடைசியில் 1913-ல் வந்தது. தன் எழுத்தின் உரிமையைக் கடைசி மகள் அலெக்சாந்திராவுக்கு எழுதிவைத்திருந்தார் டால்ஸ்டாய். இறந்தபின் வெளியான எழுத்துக்களை விற்ற பணத்தில் அவள் தாயிடமிருந்தும் சகோதரர்களிடமிருந்தும் ஜமீன் நிலத்தின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி ஊராருக்குக் கொடுத்தாள். 1856-லிருந்து எண்ணினால் 57 வருஷம். அன்று கூட்டத்தில் மறுத்தவர்களில் எத்தனை பேர் இதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்! அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம் சுமார் 40 ஹெக்டேர், வீடு, பூங்கா எல்லாம் குடும்பத்திடமே இருந்தன.

1917-ல் சுற்றுவட்டாரத்தில் ஜமீன் மாளிகைகள் பற்றி எரிந்தன. யாஸ்னயா பொல்யானாவைக் கொளுத்த வெளியூர்க்காரர்கள் கிளம்பியபோது இந்த ஊரார் தடுத்தார்கள். சோஃபியா 1919-ல் இறந்தார். 1921 ஜூனில் ஜமீன் அருங்காட்சியகமானது. நிலம்? 1929–30-ல் கூட்டுப்பண்ணை வந்தது. 57 வருஷம் காத்திருந்து வாங்கியதை ஒரு தலைமுறைகூட முழுதாக வைத்திருக்க முடியவில்லை. இந்த முறை கையெழுத்துப் போடாமல் எழுந்து போகும் வசதியும் இல்லை.

1941 அக்டோபர் 30-ல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. அதற்குள் முக்கியப் பொருட்களைப் பெட்டிகளில் கட்டி சைபீரியாவின் தோம்ஸ்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். துலாவைப் பிடிக்கத் துடித்த டாங்கித் தளபதி குடேரியன் தன் முன்னணித் தலைமையகத்தை இங்கே வைத்தார். 45 நாள். இறந்த ஜெர்மன் சிப்பாய்களை டால்ஸ்டாயின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். சிலுவைகூட இல்லாத வெறும் மண்மேடு அது. கிளம்பும்போது வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஊழியர்களும் ஊராரும் அணைத்தார்கள். 1928-ல் டால்ஸ்டாய் நூற்றாண்டுக்காகக் கட்டிய பள்ளி எரிந்தது. குடேரியன் பின்னாளில் தன் புத்தகத்தில், நாங்கள் ஒரு பொருளையும் தொடவில்லை, கல்லறையையும் தொந்தரவு செய்யவில்லை என்று சாதிக்கிறார். எரிந்த தரையும் தோண்டி எடுத்து அப்புறப்படுத்திய சடலங்களும் வேறு கதை சொல்கின்றன. நான் தரையை நம்புகிறேன்.

போருக்குப் பின் வந்த ஆபத்து சத்தமில்லாதது. சில கிலோமீட்டர் தெற்கே ஷ்சோகினோவில் பெரிய ரசாயன ஆலை. 1967-ல் குறைந்த ஆட்களை வைத்து அதிக உற்பத்தி என்ற 'ஷ்சோகினோ முறை'க்காக சோவியத் நாடு முழுக்கக் கொண்டாடப்பட்ட ஆலை இதுதான். அதன் புகையில் தாத்தாரியர் காலத்திலிருந்து தப்பிவந்த காடு பட்டுப்போக ஆரம்பித்தது. குதிரைப்படையைத் தடுத்த மரங்களால் காற்றைத் தடுக்க முடியவில்லை. பிறகு அரசு உத்தரவுகள், வடிகட்டிகள், புது நடவு.

இன்று ஊரில் இருப்பது சில நூறு பேர். வேலை அருங்காட்சியகத்திலோ, ஷ்சோகினோவிலோ, துலாவிலோ.

விற்றுப்போன பெரிய வீட்டின் இடத்தில் லார்ச் மரங்கள் வளர்ந்துவிட்டன. நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால் டால்ஸ்டாய் ஒரு மரத்தின் உச்சியைக் காட்டி, அந்தக் கிளை இருக்கிறதே, அந்த உயரத்தில் என்பாராம். அந்த வீடு தோல்கயேவில் 1913 வரை நின்றது. ஆம், இங்கே நிலம் கைமாறிய அதே வருஷம். இடிந்துபோய்விட்டது என்று பிரித்தார்கள். செங்கல்லும் விறகும் குடியானவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

எங்கள் பருத்திப் பெரியவர் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நானே அவர் ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறேன், காகிதம் இல்லாமல்.